மாமன் வீட்டுக் களி

மாமன் வராமல் குச்சு இல்லை. குச்சில் உட்காராத பெண் வீட்டுக்குள் வர முடியாது. போன வாரம் இந்த இடத்தில்தான் விட்டிருந்தேன்.

இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக இரண்டு வரி. என் மகள் பொன்னுத்தங்கம் பெரிய மனுஷியாகி வெளியே உட்கார்ந்திருக்கிறாள். தாயில்லாத பிள்ளை. அவள் தாய் இருளம்மாள், நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து ரூமில் தீப்பிடித்த அன்று போய்விட்டாள். நான் அடுத்த ரூமில் இருந்தேன். நடுவில் இருந்த சுவர் என்னைக் காப்பாற்றியது. என் இடது காது மட்டும் அன்றோடு மந்தமாகிவிட்டது. பிறகு என்னை லேபிள் ஒட்டுகிற பக்கம் மாற்றிவிட்டார்கள்.

இருளம்மாளின் தம்பி முத்துக்கருப்பனுக்கு மல்லாங்கிணறு. அக்காளை மருந்து வேலைக்கு விடாதே என்று தலைபாடாய் அடித்துக்கொண்டவன் அவன். அவளை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பும்போது ஊருக்கு முன்னால் சொன்னான், "இனி ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று. இரண்டு வருஷமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றி வந்தான். வேலைக்குப் போவேன் என்று பிடிவாதமாக நின்றது இருளம்மாள்தான். ஆனால் அதை அவனிடம் எப்படிச் சொல்வது? இல்லாதவள் மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் வயசுக்கு வந்த பெண்ணுக்குத் தாய்மாமன்தான் பச்சை ஓலை வெட்டிக் குச்சு என்கிற சின்னக் குடிசை கட்ட வேண்டும். மாமன் வீட்டு உளுந்தங்களிதான் முதலில் அவள் வாயில் பட வேண்டும். இரண்டும் இல்லாமல், கோழிக்கூட்டை ஒட்டிய மூலையில், பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் கட்டிவிட்ட பழைய சேலைக்குப் பின்னால் இருந்தாள் என் மகள். தெருப் பெண்கள் களியும் புட்டும் கொண்டுவந்து பார்த்தார்கள். தங்கம் எதையும் தொடவில்லை. வெறும் சோறு போதும் என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சோறும் சின்னத்தாய் வீட்டிலிருந்துதான் வந்தது. எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எரிக்கிறவள்தான் மூலையில் இருக்கிறாளே.

அந்தத் தீ நடந்த நாளிலிருந்து நான் அடுப்பண்டை போனதில்லை. தீப்பெட்டி செய்கிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு தீக்குச்சி கிழித்ததில்லை. யாரிடமும் அதைச் சொன்னதும் இல்லை. தங்கத்துக்கு மட்டும் தெரியும். நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு அடுப்பைப் பற்றவைத்து, நான் திரும்புவதற்கு முன் தணலை அவித்துச் சாம்பலைப் போட்டு மூடிவைப்பாள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே கிடையாது.

அன்று விடிந்ததும் வேட்டியை மாற்றிக்கொண்டு சேலை மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"எங்க அய்யா கெளம்பிட்டீக?"

மல்லாங்கிணற்றுக்கு என்றேன்.

"மாமா வருவாகளா?"

"கூப்பிடத்தான் போறேன்."

"வரலேன்னா சண்ட போட வேண்டாம். அத்தை அடுப்புல கிண்டுன களி ஒரு வாய் மட்டும் வாங்கிட்டு வாங்க. எனக்கு அது போதும்."

அவளுக்குப் போதாது. எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்டது அவ்வளவுதான். அதையாவது கொண்டுவராமல் திரும்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விருதுநகரில் வண்டி மாற வேண்டும். பஜாரில் இறங்கி உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு போய்க் களி கொடு என்று நிற்க முடியாது.

மல்லாங்கிணற்றில் முத்துக்கருப்பன் வீடு ஊருக்கு மேற்கே, கரிசல் காட்டைப் பார்த்து இருந்தது. ஓலை வேய்ந்த சின்ன வீடு. கோடையில் உள்ளே அடுப்பெரிக்க மாட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு கம்பு நட்டு, மேலே சோளத்தட்டை பரப்பி, கீழே மூன்று கல் வைத்திருந்தார்கள். அம்மி, உரல், திருகை எல்லாம் அங்கேயே. ஒரு மூலையில் குடிதண்ணீர்ப் பானை. அதுதான் சமையற்கட்டு.

முத்துக்கருப்பன் பெண்சாதி மாடத்தி கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிறைமாதம். என்னைக் கண்டதும் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று கையமர்த்தினேன்.

"வாங்கண்ணே. பிள்ள நல்லாருக்காளா?"

மனைவியின் தம்பி பெண்சாதி எனக்குத் தங்கை முறை. வயதில் என்னைவிடப் பதினைந்து வருஷமாவது இளையவள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறாள். ஆனால் நேற்றுப் பேசிவிட்டுப் போனவனிடம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

தங்கம் பெரிய மனுஷியான சேதி அவர்களுக்கு அன்றே வந்துவிட்டதாம். கேட்டதும் முத்துக்கருப்பன் குடித்துக்கொண்டிருந்த கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனானாம். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம். நேற்று ரொம்ப நேரம் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டியிருக்கிறான். இப்போது புஞ்சையில் காய்ந்த பருத்திச் செடியை, பருத்திமாரை, பிடுங்கப் போயிருக்கிறான், மத்தியானம் கஞ்சிக்கு வருவான் என்றாள்.

இருந்து கேட்டுவிட்டுப் போகிறேன் என்றேன்.

"நீங்க கேட்டா வரமாட்டாக. வரணும்னு இருந்தா கேக்காமலே வருவாக. அவுக அக்கா குணம் ஒங்களுக்குத் தெரியாதா, இவுகளும் அதே மண்ணுதான?"

பிறகு நான் கொண்டுபோன பையை அவிழ்த்துப் பார்த்தாள். உளுந்தைக் கையில் அள்ளி முகர்ந்தாள். கருப்பட்டியைத் தட்டிப் பார்த்தாள். நல்ல சரக்குதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் முடிச்சுப் போட்டு என் பக்கம் தள்ளினாள்.

"இத நீங்க கொண்டுபோங்க. இதுல கிண்டுனா அது அப்பன் வீட்டுக் களி. எங்க உளுந்து, எங்க கருப்பட்டி, எங்க அடுப்பு. கைதான் இல்ல. என்னால குனிஞ்சு கிண்ட முடியாது. நீங்க கிண்டுங்க."

எனக்கு வராது என்றேன்.

"அம்புட்டுப் பேருக்கும் பிறக்கும்போதே வந்துச்சாக்கும்."

சேலை மறைப்புக்குப் பின்னாலிருந்து வந்த குரல் காதில் இருந்தது. சரி என்றேன்.

முதலில் உளுந்து வறுக்க வேண்டும். தோலோடு, கருகாமல், வாசனை வருகிற வரைக்கும். மாடத்தி அடுப்பில் பருத்திமாரை வைத்துத் தணலை ஊதினாள். நான் குளிக்கத் தண்ணீர் கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ள மாதிரியில்ல கேக்கீக. கெணத்துலருந்து ஒரு குடம் கொண்டார எம்புட்டுத் தூரம் தெரியுமா?"

எங்கள் ஊரில் தலைக்கு ஊற்றாமல் யாரும் அடுப்பண்டை போவதில்லை. மருந்து வேலை செய்கிறவர்களின் தலைமுடியிலும் நகக்கண்ணிலும் மருந்துப்பொடி இருக்கும். ஆணோ பெண்ணோ கம்பெனியிலிருந்து வந்தால் குளியல், மாற்றுத் துணி, அதற்கப்புறம்தான் அடுப்பு. நான் மருந்தைத் தொட்டு இரண்டு வருஷமாகிறது. வேலைக்குப் போயே சில நாளாகிறது. விடியற்காலையில் குளித்தும் இருந்தேன். இதையெல்லாம் சொன்னபோது அவள் சிரிப்பு நின்றது. ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். முழங்கை வரைக்கும் கழுவி, ஈரக்கையால் தலையைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பருத்திமார் படபடவென்று வெடித்து எரிகிற விறகு. காய்ந்த காய்த்தோடு ஒவ்வொன்றும் ஒரு சத்தம் போடும். முதல் சத்தத்துக்கே நான் எழுந்துவிட்டேன். ஏதோ எடுக்கப் போகிறவன் போல உரல் வரைக்கும் போய் நின்றேன்.

மாடத்தி எரிந்துகொண்டிருந்த பருத்திமாரை வெளியே இழுத்து மண்ணைப் போட்டு அணைத்தாள். கருவேல விறகு நாலைந்தை உள்ளே தள்ளினாள். அது சத்தமில்லாமல் நின்று எரியும்.

"இப்ப வாங்க," என்றாள்.

உளுந்தை வறுத்தேன். ஒரு கை பச்சரிசி சேர்த்துத் திருகையில் திரித்தேன். சலித்தேன். கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டு மண் போக வடிகட்டினேன். இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் வந்தது. சலிப்பதில் என்னைக் குறை சொல்ல யாராலும் முடியாது. மருந்து சலித்த கை.

தவறு அதற்குப் பிறகுதான்.

கருப்பட்டித் தண்ணீர் இரும்புச் சட்டியில் தளதளவென்று கொதித்தது. மாடத்தி மாவைத் தூவத் தூவ நான் மரத்துடுப்பால் கிண்ட வேண்டும். நான் கிண்டினேன். ஓரத்திலிருந்து மெல்ல அள்ளி நடுவில் போட்டேன். திரும்ப ஓரத்திலிருந்து மெல்ல அள்ளினேன். துடுப்பு சட்டியைத் தொடவே இல்லை. எண்ணெய் ஊற்றியபோதும் அப்படித்தான், மேலாகத் தடவிவிட்டேன்.

"அண்ணே, களி என்ன கைப்பிள்ளையா? தடவிக் குடுத்துக்கிட்டு இருக்கீக?"

இன்னும் கொஞ்சம் வேகமாகக் கிண்டினேன்.

"அடியத் தொட்டு உரசிக் கிண்டணும். உரசுங்க."

என்னால் முடியவில்லை. மருந்து ரூமில் நுழைகிற அன்றைக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், எதையும் உரசாதே. தட்டைத் தரையில் இழுக்காதே, தூக்கி வை. இரும்பு கொண்டு வராதே. மருந்தைக் கலக்கும்போது விரல் நகம்கூட அழுந்தக் கூடாது. பத்து வருஷம் அப்படியே பழகின கை அது. இருளம்மாள் கை என் கையைவிட மெதுவான கை. அப்படியும் அன்று என்ன உரசியதோ, யாருக்கும் தெரியாது.

உருண்டைச் சட்டி வேறு கல் மேல் நில்லாமல் ஆடியது. மாடத்தி சாக்கை மடித்துச் சட்டியின் காதைப் பிடிக்க வந்தாள். குனிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தாள். வேண்டாம், உட்கார் என்று அதட்டினேன். அதற்குள் தீய்ந்த வாடை வந்துவிட்டது. மேலே மாவு கட்டி கட்டியாக நின்றது. அடி கரியாகப் பிடித்திருந்தது.

சட்டியை இறக்கி வைத்துவிட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதற்காக என் கை உரச மறுக்கிறது என்பதை அவளிடம் சொன்னேன். அந்த நாளைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கேட்டுக்கொண்டே தீய்ந்த களியின் மேல்பாகத்தை வழித்து ஒரு கும்பாவில் போட்டு, "இது எனக்கு. உள்ள இருக்கிறது எதத் தின்னாலும் உதைக்கத்தான் செய்யிது," என்று ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

பிறகு வீட்டுக்குள் போய் ஒரு கலயத்தை இடுக்கிக்கொண்டு வந்தாள். வாய்க்கட்டை அவிழ்த்துச் சுளகில் கவிழ்த்தாள். உளுந்து. அது எதற்காகக் கட்டிவைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. நிறைமாதக்காரி வீட்டில் கலயத்தில் கட்டிவைத்த உளுந்து பிள்ளை பெற்ற பிறகு அவளுக்குக் களி கிண்டத்தான்.

நான் பதறிப்போய் என் பையை எடுத்தேன். இதையாவது இந்தக் கலயத்தில் போட்டுவை என்றேன்.

"அண்ணன் வீட்டு உளுந்து எனக்கு வேணும்தான். பிள்ள பிறந்த பெறகு நீங்க கொண்டுவந்து குடுத்தா அது சீரு. இப்ப வச்சிட்டுப் போனா அது மாத்து. எனக்குச் சீருதான் வேணும்."

மறுபடியும் வறுத்துத் திரித்துச் சலித்தேன். மறுபடியும் கருப்பட்டித் தண்ணீர் கொதித்தது. மாடத்தி மாவைத் தூவினாள். துடுப்பு என் கையில் இருந்தது. இதுவும் தீய்ந்தால் என் மகளுக்கும் இல்லை, இந்தப் பெண்ணுக்கும் இல்லை. அந்த நினைப்பில் கை இன்னும் மெதுவாகிப் போயிற்று. சட்டி ஆடியது.

திடீரென்று ஆட்டம் நின்றது.

இடது பக்கத்திலிருந்து இரண்டு கைகள் வந்து சாக்கோடு சட்டியின் காதுகளைப் பிடித்திருந்தன. முழங்கை வரைக்கும் கரிசல் மண். அந்தப் பக்கத்துக் காது கேளாததால் அவன் வந்தது எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரமாக நின்று பார்த்தானோ.

முத்துக்கருப்பன் என்னைப் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த கலயத்தைப் பார்த்தான்.

"ஏ பிள்ள, இது ஒனக்கு வச்சதுல்ல?"

"எனக்கு நீங்க இருக்கீக, தேடிக் கொண்டாருவீக. அந்தப் பிள்ளைக்கு மாமன்னு வேற யாரு இருக்கா?"

அவன் விறகை ஒரு காலால் உள்ளே தள்ளினான். சட்டியை விடவில்லை. நான் கிண்டினேன். கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுச் சொன்னான்:

"ஒங்க அண்ணன்ட்ட சொல்லு, மேலாப்புல தடவுனா கட்டி தட்டிப் போகும்னு."

மாடத்தி மாவுத் தட்டைக் கீழே வைத்தாள். "எனக்கு வயித்துல ஒரு பாரம் போதும். நடுவுல நின்னு ஒங்க பேச்ச வேற சுமக்க முடியாது. அங்கனதான இருக்காக, நேரா சொல்லுங்க."

கருப்பட்டிப் பாகு கொப்புளம் விட்டு ஒரு சொட்டு என் புறங்கையில் தெறித்தது. நான் துடுப்பை விடவில்லை. அவன் அதைப் பார்த்தான்.

"நான் பிடிச்சிருக்கேன்," என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். "சட்டி எங்கயும் போகாது. உரசு."

கண்ணை மூடிக்கொண்டேன். துடுப்பை அடி வரைக்கும் இறக்கி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் போட்டு ஒரு இழு இழுத்தேன். மரமும் இரும்பும் கரகரவென்று உரசின. அந்தச் சத்தம் நல்ல காதில் ஏறி, கேளாத காதுக்கும் போனது போல இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. மாடத்தி எண்ணெயை ஊற்றினாள். மறுபடியும் இழுத்தேன். மறுபடியும். கண்ணைத் திறந்தபோது கட்டிகள் உடைந்து, மாவு கறுப்பாகச் சுருண்டு துடுப்போடு வர ஆரம்பித்திருந்தது. நான் அந்தப் பக்கம் இழுத்தால் அவன் இந்தப் பக்கம் சாய்ந்து பிடிப்பான். இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் சாய்வான். இரண்டு பேருக்கும் வியர்வை கொட்டியது. களி திரண்டு, சட்டியை விட்டு விலகி, எண்ணெயைத் திரும்ப வெளியே விட்டது. மாடத்தி விரலை நனைத்துத் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை.

"ஒங்க அக்கா கிண்டுன மாதிரி இருக்கு," என்றாள்.

முத்துக்கருப்பன் சட்டியை இறக்கி வைத்துவிட்டு எழுந்தான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டு, கஞ்சியும் குடிக்காமல், வந்த வழியே போய்விட்டான். நான் கூப்பிட வாயெடுத்தேன். மாடத்தி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

களியை உருட்டி, நடுவில் குழி பண்ணி, நல்லெண்ணெய் ஊற்றி என் பித்தளைத் தூக்கில் வைத்துக் கொடுத்தாள். என் பையையும் நினைவாகக் கையில் மாட்டிவிட்டாள். வயிற்றில் இருப்பது வெளியே வந்ததும் அத்தையும் வருவாள் என்று தங்கத்திடம் சொல்லச் சொன்னாள். நான் புறப்படும்போது அவள் கூரை இறவாணத்தை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். எதைப் பார்க்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சின்னத்தாய் தூக்கை வாங்கிச் சேலை மறைப்புக்குள் கொண்டுபோனாள். நான் கோழிக்கூட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மூடி திறக்கிற சத்தம். கருப்பட்டி வாசனை.

"அத்தை அடுப்புதான அய்யா?"

"அத்தை அடுப்பு. அத்தை உளுந்து. மாமா சட்டியப் பிடிச்சாக."

"கிண்டுனது?"

சேலை கொஞ்சம் விலகியது. விலகின இடைவெளியில் அவள் கண் என் புறங்கைக் கொப்புளத்தில் நின்றது.

"அடுப்புப் பக்கத்துலயா இருந்தீக?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆமா என்றேன். அவள் சேலையை மூடிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சாப்பிடுகிற சத்தம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால், தெருக்கோடியில் எதையோ தரதரவென்று இழுத்து வருகிற சத்தம் வந்தது. எங்கள் ஊரில் யாரும் எதையும் இழுத்து வர மாட்டார்கள். கல்யாணப் பந்தல் மூங்கிலைக்கூடத் தூக்கித்தான் வருவார்கள். சின்னத்தாய் எட்டிப் பார்த்து, "யாரோ வெளியூர்க்காரன்," என்றாள். எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

முத்துக்கருப்பன் எங்கள் முற்றத்து ஓரத்தில் வந்து நின்றான். பின்னால் ஒரு சுமைப் பச்சைப் பனை ஓலை. இடுப்பில் தீட்டின அரிவாள். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைப் பனையில் ஏறி வெட்டியிருக்கிறான். நெஞ்செல்லாம் சிராய்ப்பு. அரிவாள் செருகிவைக்கிற இறவாணத்தில் மாடத்தி எதைத் தேடினாள் என்று இப்போது புரிந்தது. பருத்திமார் பிடுங்கப் போகிறவனுக்கு அரிவாள் எதற்கு?

வாங்க மாப்பிள்ளே என்றேன். அவன் என் வாசற்படியைப் பார்த்தான்.

"படிய மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன்," என்றான். "குச்சு வெளியிலதான கட்டணும்."

சேலைக்குப் பின்னால், மாமா என்று ஒரு குரல் கேட்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பாமல் கம்பு நட மண்ணைத் தோண்ட ஆரம்பித்தான்.

மாமன் முறைக்கு வந்தவன் மத்தியானக் கஞ்சிகூடக் குடிக்காதவன். சின்னத்தாய் தன் வீட்டில் உலை வைக்கிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். முற்றத்து மூலையில் இருளம்மாளின் அடுப்பு இருந்தது. பையைப் பிரித்து உளுந்தை எடுத்துச் சின்னத்தாயிடம் திருகை கேட்டேன். எல்லாம் தயாரான பிறகு, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓலை கட்டுகிற சத்தம் ஒரு கணம் நின்றது. அவன் பார்க்கிறான் என்று தெரிந்தது. குச்சியைக் கிழித்தேன். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பிடித்துக்கொண்டது.

அடியை உரசிக் கிண்டிய களி. அப்பன் வீட்டுக் களி. அவன் குச்சை முடித்து, தங்கத்தின் தலையில் கைவைத்து அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டு, முற்றத்தில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டான். தங்கமும் குச்சுக்குள் ஒரு கும்பாவில் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேர் சாப்பிடுகிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதை அவிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அவன் கையைக் கழுவினான். மாடத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்ததால் கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்றான். ஆனால் போகாமல் நின்றான்.

"மச்சான்."

இரண்டு வருஷமாக என்னை அப்படி யாரும் கூப்பிடவில்லை.

"குச்சுக்குள்ளயிருந்து எடுக்கிற அன்னைக்கு வாரேன். வந்து பிள்ளைய மல்லாங்கிணத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுல கூழோ கஞ்சியோ, எங்ககூடவே இருக்கட்டும். இங்கன இருந்தா இன்னைக்கு இல்லாட்டாலும் என்னைக்காவது அக்கா போன ரூமுக்குத்தான் இவளும் போவா. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சட்டியைப் பிடித்திருந்தபோது பேசின அதே குரலில்தான் சொன்னான். நான் குச்சுப் பக்கம் திரும்பினேன்.

பச்சை ஓலைக்குள் கும்பாவில் விரல் படுகிற சத்தம் நின்றுபோயிற்று.

"அய்யா," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள் தங்கம்.